ஆண்பிள்ளைக்கு என்ன கேடு?

"அவருக்கென்ன கேடு? வேளாவேளைக்குச் சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம், கேட்பாரில்லை!"

இந்த வாக்கியத்தை நம் வீட்டுக் கூடங்களில் கேளாதவர்கள் சிலரே இருப்பார்கள். சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கும் ஒரு நடுவயது மனிதரைப் பார்த்து, அடுக்களையிலிருந்து ஒரு குரல் இப்படிச் சொல்லும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அது நியாயமாகவே படும். தமக்கு என்ன கேடு என்று அவருக்கே தெரியாதே! காய்ச்சல் இல்லை. வலி இன்ன இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை. நாக்கை நீட்டிக் காட்டினால் டாக்டர், "ஒன்றுமில்லை, ஒரு டானிக் எழுதித் தருகிறேன்" என்கிறார். ஆனால் மாடிப்படி மட்டும் போன வருஷத்தைவிட இந்த வருஷம் உயரமாகிவிட்டது.

இந்த நிலைக்கு நம்மிடையே பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சோம்பல், வயசு, கவலை, கடன், கண்ணேறு, ஏழரைச் சனி என்று எத்தனையோ. இவற்றில் ஒன்றாவது உடம்பைக் குறிக்கும் பெயரா என்று பாருங்கள். எல்லாம் குணத்தின் பெயர்கள். இல்லாவிட்டால் கிரகத்தின் பெயர்கள். ஒரு மனிதனுடைய குணம் கெட்டுவிட்டது என்று வீடு முழுவதும் கூடித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது, அவன் கழுத்திலோ, மூளைக்கு அடியிலோ, சிறுநீரகத்தின் தலைமாட்டிலோ ஒரு சின்னச் சுரப்பி வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கக் கூடும். இதைத்தான் இன்று சொல்ல உட்கார்ந்தேன்.

உடம்பின் பெயரைச் சொல்லி அழைக்கும் இடம் ஒன்றே ஒன்று உண்டு. அது பஸ் நிலையத்துச் சுவர். 'நரம்புத் தளர்ச்சியா? உடல் சோர்வா? இல்லற வாழ்வில் நாட்டமின்மையா?' என்று கேட்டுவிட்டு, மாதத்தில் இன்ன தேதி, இன்ன ஊர், இன்ன லாட்ஜ், இன்ன அறை என்று அந்தச் சுவர் விவரம் சொல்லும். மனைவியிடமும் சொல்லாமல், குடும்ப டாக்டரிடமும் சொல்லாமல் நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த ஆண்பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு அந்த லாட்ஜின் மாடிப்படி ஏறுகிறான். அங்கே இருப்பவர் கெட்டிக்காரர். சோர்வு, மறதி, மூட்டுவலி, தூக்கமின்மை ஆகிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, அதன்மேல் 'ஆண்மை' என்று சீட்டு ஒட்டிவிடுகிறார். அந்தச் சீட்டைப் பார்த்ததும் வந்தவனுக்குப் பேச்சு அடைத்துவிடும். பணத்தைக் கொடுத்துவிட்டு லேகியத்துடன் இறங்கி வருகிறான்.

இந்த வியாபாரம் நம்மவர்களின் சொந்தச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1889-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, பாரிஸ் நகரத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் கூடிய சபையில் பிரௌன்-செக்கார் என்ற பேராசிரியர் எழுந்து ஒரு செய்தி சொன்னார். அப்போது அவருக்கு வயது 72. முதுகுத்தண்டு நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். நாய், கினிப் பன்றி இவற்றின் விரைகளை இடித்துப் பிழிந்த சாற்றைத் தாமே தமக்கு ஊசி மூலம் ஏற்றிக்கொண்டதாகவும், இப்போது மாடிப்படியில் ஓடி ஏற முடிகிறது, ஆராய்ச்சிக்கூடத்தில் மணிக்கணக்காக நிற்க முடிகிறது, மலச்சிக்கல்கூட நீங்கிவிட்டது என்றும் அறிவித்தார். சபையில் சிலர் சிரித்தார்கள். வெளியே இருந்தவர்கள் சிரிக்கவில்லை, கடை திறந்தார்கள். இளமைச் சாறு என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புட்டி புட்டியாக விற்றது. 2002-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அவர் எழுதி வைத்த முறைப்படியே சாறு தயாரித்து அளந்து பார்த்தார்கள். ஆண் ஹார்மோன் தண்ணீரில் கரையாத சரக்கு. அந்தச் சாற்றில் உடம்புக்கு உறைக்கும்படி ஒன்றுமே இல்லை. கிழவரை மாடியில் ஏற்றியது அவருடைய நம்பிக்கைதான்.

ஆனாலும் அவருடைய யோசனையில் ஒரு விதை இருந்தது. உடம்பின் ஒரு மூலையில் சுரக்கும் பொருள் ரத்தத்தில் கலந்து வேறொரு மூலையில் வேலை செய்கிறது என்பது உண்மை. அவருக்கு நாற்பது வருஷம் முன்னதாகவே, 1849-ல், ஜெர்மனியில் கோட்டிங்கன் ஊரில் பெர்த்தோல்ட் என்பவர் சேவல் குஞ்சுகளை வைத்து இதைக் காட்டியிருந்தார். விரைகளை நீக்கிய குஞ்சு கொண்டை சிறுத்துப் பெட்டைபோல் வளர்ந்தது. நீக்கியதை வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்துத் தைத்த குஞ்சு கொண்டை சிவந்து, கூவி, சண்டைக்கும் போயிற்று. 'ஹார்மோன்' என்ற சொல்லை லண்டனில் ஸ்டார்லிங் 1905-ல் ஒரு சொற்பொழிவில் வழங்கினார். 'தூண்டி விடுவது' என்று கிரேக்க மொழியில் பொருளாம். பிறகு ஜெர்மன் விஞ்ஞானி பூட்டனாண்ட் போலீஸ்காரர்களுடைய சிறுநீரை ஆயிரக்கணக்கான லிட்டர் சேகரித்துக் காய்ச்சி, 15 மில்லிகிராம் ஆண் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். (அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.) 1935-ல் டெஸ்டோஸ்டிரோனையே செயற்கையாகச் செய்ய வழி கண்டார்கள், 1939-ல் பூட்டனாண்டுக்கும் ருஸிக்காவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த டெஸ்டோஸ்டிரோன் சிலருக்கு உண்மையாகவே குறைந்து போகிறது. ஆசை குன்றும், தசை இளைக்கும், தினமும் சவரம் செய்துகொண்டவர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை செய்தால் போதும் என்றாகும், எலும்பு மெலியும், காரணம் தெரியாத சோகை காணும். இதைக் கண்டுபிடிக்க ரத்தத்தைக் காலை வேளையில் எடுக்க வேண்டும். சூரியனோடு ஏறி இறங்கும் சரக்கு அது. மாலையில் எடுத்தால் நல்ல ஆளுக்கும் குறைவாகவே காட்டும். ஒரு நாள் பார்த்தால் போதாது. இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். குறைவுதான் என்று நிச்சயமானாலும், ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும். சில சமயம் குற்றம் மேலிடத்தில் இருக்கும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு மேலதிகாரி இருக்கிறது. தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை அது ஆணின் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கிறது. அங்கே ஒரு சின்னக் கட்டி முளைத்தால் புரோலாக்டின் பெருகி ஆண் ஹார்மோனை அமுக்கிவிடும். இதே கட்டி பெண்ணுக்கு வந்தால் மாதவிலக்கு தவறிச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆணுக்குக் காட்டிக்கொடுக்க யாருமில்லை. தலைவலி வந்து, ஓரப் பார்வை மங்கி, பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாமல் மோதிய பிறகுதான் தெரிய வரும். பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும் கட்டி அது. இதற்கு எந்த லாட்ஜிலும் மருந்து கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து செலுத்தினால், 'வெளியிலிருந்துதான் வருகிறதே' என்று உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விந்தணுக்களும் குறைந்து போகும். குழந்தை வேண்டும் என்று ஏங்கும் இளைஞன், பலம் வரட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால், வாசல் கதவைத் தானே சாத்திக்கொண்ட கதைதான்.

ஆனால் ஆணின் உடம்பில் இருப்பது அந்த ஒரு சுரப்பி மட்டுமா? லாட்ஜ் வைத்தியர் செய்யும் பெரிய அநியாயம் இதுதான்: மற்ற எல்லாச் சுரப்பிகளையும் மறக்கடித்து விடுகிறார். சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் காப்டனின் கதையை நான் படித்தபோது இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அமெரிக்க வர்த்தகக் கப்பலில் காப்டனாக இருந்தவர் அவர். ஆறடிக்கு மேல் உயரம், கட்டான உடம்பு. முதல் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் எடுத்த படத்தில் உடுப்புடன் நிமிர்ந்து நிற்கிறார். அதற்குப் பிறகு அவர் குட்டையாகத் தொடங்கினார்! ஆமாம், வளர்ந்த மனிதர் குட்டையானார். முதுகு கூன் விழுந்தது. நெஞ்சு புறாவின் நெஞ்சுபோல் முன்னே தள்ளிற்று. எலும்புகள் பல தடவை முறிந்தன. சிறுநீரில் மணல் போனது. 1926-ல் நியூயார்க்கில் டூபாய் என்ற டாக்டரிடம் வந்து சேர்ந்தபோது ஏழு அங்குலம் குறைந்திருந்தார்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, நாலு சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். இவற்றை முதலில் பார்த்தவர் மனிதனில் பார்க்கவில்லை. லண்டன் மிருகக் காட்சி சாலையில் 1849-ல் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் முதலில் கண்டார். மனிதனில் இருப்பதை ஸ்வீடனில் சான்ட்ஸ்ட்ரோம் 1880-ல் எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கு வைப்பது இவற்றின் வேலை. இவற்றில் ஒன்று வீங்கிப் பேராசைக்காரனாகிவிட்டால், எலும்பிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி ரத்தத்தில் கொட்டும். வீட்டுச் சுவரை இடித்து வாசலில் குவிப்பதுபோல.

டூபாய் இதை ஊகித்துவிட்டார். அதற்கு முந்திய வருஷம்தான் வியன்னாவில் மாண்டல் என்ற டாக்டர் நடக்க முடியாமல் கிடந்த ஒரு ட்ராம் கண்டக்டரின் கழுத்தில் இத்தகைய கட்டி ஒன்றை எடுத்து அவரை நடக்க வைத்திருந்தார். ஆகவே காப்டனைப் பாஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கழுத்தைத் திறந்தார்கள், கட்டி இல்லை. மறுபடி திறந்தார்கள், இல்லை. வருஷங்கள் ஓடின. ஆறு ஆபரேஷன் ஆயிற்று. நம்மில் ஒருவராக இருந்தால் 'விதி' என்று படுத்திருப்போம். காப்டன் என்ன செய்தார் தெரியுமா? ஹார்வர்டு நூலகத்தில் உட்கார்ந்து உடற்கூற்று நூல்களைப் படித்தார். கருவில் இந்தச் சுரப்பி கழுத்துக்கு இறங்கி வரும் வழியில் சில சமயம் கூடுதலாக நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிடுவது உண்டு என்று தெரிந்துகொண்டார். "நெஞ்சைத் திறந்து பாருங்கள்" என்று வற்புறுத்தினார். 1932-ல் ஏழாவது ஆபரேஷன். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்தது கட்டி!

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நான் எழுதும் நாவலாக இருந்தால் முடித்திருப்பேன். ஆறு வாரத்தில், சிறுநீர்க் குழாயில் அடைத்துக்கொண்ட கல்லுக்காக ஒரு சிகிச்சை நடந்ததை ஒட்டி அவர் இறந்துபோனார். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த கட்டி, சிறுநீரகத்தை அதற்குள் தின்றுவிட்டிருந்தது. இன்று ரத்தத்தில் சுண்ணாம்பின் அளவைப் பார்ப்பது நம் ஊர்ச் சோதனைச் சாலைகளில்கூடச் சாதாரண விஷயம். சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்து, அலுப்பும் மனச்சோர்வும் மலச்சிக்கலுமாக இருப்பவர்களுக்கு அதைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1947-ல் லண்டனில் அவர் சுருண்டு விழுந்தபோதுதான் சிறுநீரகத்தின் தலைமாட்டிலுள்ள அட்ரினல் சுரப்பி செயலற்றுப் போன அடிஸன் நோய் என்று கண்டார்கள். அவருடைய மேனியின் செம்மை நிறத்தைக் கண்டு, கடற்கரை வெயில் தந்த ஆரோக்கியம் என்று உலகம் மயங்கிற்று. அந்த நோயே மேனியைக் கறுக்கச் செய்யும். 1960 தேர்தலின்போது அவருடைய தரப்பு அந்த நோயே இல்லை என்று மறுத்தது. ஆண்பிள்ளை உடம்பு முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது அந்த நாற்காலிக்கும் ஆகாது போலிருக்கிறது! நம் நாட்டில் காசநோய் இந்தச் சுரப்பியை அரித்துவிடுவது உண்டு. எடை குறைந்து, எழுந்து நின்றால் தலை சுற்றி, உள்ளங்கை ரேகை கறுத்து, உப்பின்மேல் ஆசை வந்தால் அதைச் சோம்பல் என்று தள்ளக் கூடாது.

இனி என் அக்காவின் கணவர் கதை. அத்தான் திருச்சி உறையூரில் குடியிருந்தார். ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. 2008 வாக்கில் அவருக்கு நாற்பத்தாறு வயது. சாயங்காலம் கால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, நாலு தேவாரம் பாடிவிட்டுத்தான் பலகாரம். நல்ல கணீரென்ற குரல். முதலில் போனது அந்தப் பாட்டு. தொண்டை கட்டிக்கொண்டதென்றார். பிறகு பேச்சும் குறைந்தது. சித்திரை மாதத்து வெயிலில், அதுவும் திருச்சி வெயிலில், மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், பிள்ளைகள் போடுவார்கள், இவர் எழுந்து போய் நிறுத்துவார். இந்தச் சண்டை இரண்டு கோடை நடந்தது. ஆபீஸில் கோப்புகள் தேங்கின; மெமோ வந்தது. அவருக்குக் கீழே இருந்தவர் அவரைத் தாண்டி உயர்ந்தார். ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார்கள். அக்கா என்னிடம் ஒரு நாள் தனியாக வந்து, "தம்பி, அவருக்கு என்மேலே ஆசையே விட்டுப்போச்சுடா. வேறே எங்கேயாவது மனசு போயிருக்குமோ?" என்று கேட்டு அழுதாள். வேறெங்கும் போகவில்லை என்பதற்குச் சாட்சி பின்னால் கிடைத்தது. டிரங்குப் பெட்டியின் அடியில் மூன்று லேகிய டப்பாக்கள் இருந்தன.

நோயைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. இருபது வருஷமாக அவருக்கு முடிவெட்டும் மனிதர். "சாமி, புருவம் ஓரத்திலே கொட்டிக்கிட்டே வருதே! தலைமுடியும் வைக்கோலாட்டம் ஆயிடுச்சு. ஒடம்பை எங்கேயாவது காட்டுங்க" என்றாராம். அத்தான் இதை வேடிக்கையாக வீட்டில் சொல்ல, அக்கா தன் ரத்தக் கொதிப்புக்குப் பார்க்கும் லேடி டாக்டரிடம் சொல்ல, அந்த அம்மாள் "உடனே அழைத்து வாருங்கள்" என்றாள். நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினாள். பாதம் சட்டென்று துள்ளியது. ஆனால் திரும்பி வந்தது பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையைப்போல, மெல்ல மெல்ல. தைராய்டு என்று அப்போதே சொல்லிவிட்டாள். தைராய்டு வேலை செய்யாவிட்டால் பிட்யூட்டரி மேலதிகாரி குரலை உயர்த்திக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டை ரத்தத்தில் அளக்கலாம். ஏறத்தாழ நாலுக்குள் நிற்க வேண்டிய அந்த எண் அத்தானுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது.

நாலு வருஷம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை? தைராய்டு பெண்களின் நோய் என்று ஒரு எண்ணம். அதற்குச் சரித்திரமும் உண்டு. 1873-ல் லண்டன் டாக்டர் வில்லியம் கல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது தலைப்பிலேயே பெண்களுக்கு வருவது என்று போட்டுவிட்டார். 1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ உடம்பே தன் தைராய்டைப் பகைத்து அழிக்கும் வகையை விவரித்தார்; அவர் பார்த்த நாலு பேரும் பெண்களே. பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. அதனாலேயே ஆணுக்கு வந்தால் யாரும் தேடுவதில்லை. 1949-ல் லண்டனில் ரிச்சர்ட் ஆஷர் என்ற டாக்டர், புத்தி பேதலித்தவர்கள் என்று கருதப்பட்ட 14 பேரைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு இருந்தது தைராய்டுக் குறைவு. அத்தானுக்கு அந்த மட்டுக்கும் போகவில்லை. சோம்பேறி என்ற பட்டத்தோடு நின்றது.

மருந்து ஒரு சின்ன மாத்திரை. விடியற்காலையில் வெறும் வயிற்றில். போட்ட பிறகு அரை மணிக்குக் குறையாமல் காப்பி கூடாது என்றதும், நாலு வருஷமாக எதற்கும் கோபப்படாத மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது! "நல்ல குறிதான்" என்று டாக்டர் அம்மாள் சிரித்தாள். மூன்றாம் மாதம் மின்விசிறி சுழன்றது. ஐந்தாம் மாதம் ஒரு சாயங்காலம் கூடத்திலிருந்து தேவாரம் கேட்டது. சுருதி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆபீஸ் மெமோ பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. அதற்கு மாத்திரை இல்லை. "நான் சொன்னதையெல்லாம் அந்த மனுஷர் நாலு வருஷம் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாரே, தம்பி" என்று அக்கா மாய்ந்து போனாள். அத்தான், "எங்கே கேட்டேன்? பாதி காதிலேயே விழலே" என்றார். இந்த நோயில் காதும் மந்தமாகும் என்பது மெய். ஆனால் அவர் சொன்னது மெய்யா, அக்காவுக்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சமீபத்தில் கேட்டவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கும் ஓயாத களைப்பு. மறுநாளே போய், தள்ளுபடி விலையில் எத்தனை ஹார்மோன் உண்டோ அத்தனையும் சோதித்துக்கொண்டு வந்துவிட்டார். தைராய்டு சரி, சுண்ணாம்பு சரி, டெஸ்டோஸ்டிரோன் மட்டும் எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஊசி போட்டுக்கொள்ளப் பறந்தார். டாக்டர் அவரை விட்டுவிட்டு அவர் மனைவியைப் பார்த்து, "ராத்திரி குறட்டை விடுவாரா?" என்று கேட்டார். "விடுவாராவது! நான் கூடத்தில் படுக்க ஆரம்பித்து ஆறு வருஷமாகிறது" என்றாள் அந்த அம்மாள். "நடுவில் நின்று நின்று வருமா?" "வரும். நின்றால்தான் எனக்கு பயம்."

தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறது என்று சோதனையில் தெரிந்தது. பருமனும் தூக்கக் கேடும் சேர்ந்தால் ஆண் ஹார்மோன் இறங்கிக் காட்டுவது சகஜமாம். இப்போது இரவில் ஒரு காற்று யந்திரத்தை முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார், காலையில் நடக்கிறார். எடை குறையட்டும், பிறகு ஒரு காலை வேளையில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை ஐந்து கிலோ இறங்கியிருக்கிறது. மனைவி கூடத்திலிருந்து அறைக்குத் திரும்பிவிட்டாள். யந்திரத்தின் சத்தம் மழை பெய்வதுபோல் இருக்கிறது என்கிறாள்.